என் அண்ணனின் இசைப் பின்னணி

அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று எங்கள் பாட்டுக் குழுவின் டீச்சரக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இசைப் பின்னணி, கையில் இருக்கும் கருவிகள், யாருடைய இசையைக் கேட்டு இந்தப் பக்கம் வந்தீர்கள். மூன்றே கேள்வி. எங்கள் குழுவை வேலைக்கு எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கடற்கரை ஹோட்டலின் மேனேஜர் கேட்டிருந்தார். நாங்கள் நான்கு பேர் அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டோம். என் அண்ணனுக்கு மட்டும் அரைப் பக்கம் போதவில்லை.

“நான் சொல்றேன், நீ எழுது பாப்பா,” என்றான்.

எனக்கு இருபத்தொன்பது வயது. ஒரு பல் மருத்துவரிடம் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். குழுவில் டிரம்ஸ் வாசிப்பவள் நான்தான். ஆனாலும் வீட்டிலும் மேடையிலும் பாப்பாதான். சாப்பாட்டு மேசையில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான், யாரோ மைக்கை நீட்டியது போல.

“மிகச் சிறு வயதிலேயே இசை என்னை ஆட்கொண்டது. போட்டுட்டியா?”

“போட்டுட்டேன்.”

“எங்கள் குடும்பமே இசைக் குடும்பம்.”

பேனாவைக் கீழே வைத்தேன். எங்கள் அப்பா கடைசிவரை ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர். அம்மா தையல் மெஷின் மிதித்தாள், இன்றும் மிதிக்கிறாள். “எந்தக் குடும்பம்ணா?” என்று கேட்டேன்.

“நீ வாசிக்கிற. நான் வாசிக்கிறேன். அப்ப இசைக் குடும்பம்தானே?”

அவனுடைய பொய்யெல்லாம் இந்த ரகம்தான். தப்பு என்று நிரூபிக்க முடியாததாகப் பார்த்துப் பொறுக்குவான். இந்த வாயும் வீட்டுக்குள் மட்டும்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் பதவி உயர்வுக்குக் கூப்பிட்டு விசாரித்தபோது, மூன்று பெரிய மனிதர்கள் எதிரில் கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்தவன். அவனுக்குக் கீழே வேலை கற்றவன்தான் இன்று அவனுக்கு மேலே இருக்கிறான். வெளியே பூனை, உள்ளே புலி. எங்கள் வீட்டில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

உண்மையான இசைப் பின்னணியை நான் சொல்கிறேன். அவன் வாசிக்க ஆசைப்பட்டது கிட்டார். பள்ளித் தோழன் ஒருவன் குழு தொடங்கியபோது இவனும் போய் நின்றான். அந்தத் தோழன்தான் எங்கள் பாடகர். செருப்புக் கடையில் விற்பனையாளராக இருப்பதால் அவரை ஷோரூம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பகலெல்லாம் அடுத்தவர் காலடியில் மண்டியிட்டு ஷூ மாட்டிவிடுவார். மேடை ஏறினால் ஊரே தன் காலடியில் கிடக்கிற மாதிரி நிற்பார். கிட்டாருக்கு அவர் ஏற்கெனவே ஓர் ஆளைப் பிடித்துவிட்டார், அந்தப் பெண்ணைப் பிறகு கல்யாணமும் செய்துகொண்டார். நான் அண்ணி என்று கூப்பிடுவது அவரைத்தான். ஆக, என் அண்ணனுக்கு இடமில்லை. ஷோரூமின் வீட்டு மாடியில் குடியிருந்த யாரோ காலி செய்யும்போது ஒரு பேஸ் கிட்டாரை விட்டுப் போயிருந்தார்கள். “இதுல கம்பி நாலுதான்டா, சுலபம்,” என்று சொல்லி அதை இவன் கையில் கொடுத்தார். காலி செய்து போனவன் வேண்டாமென்று விட்டதும் நண்பன் பரிதாபப்பட்டுக் கொடுத்ததும் சேர்ந்ததுதான் என் அண்ணனின் இசைப் பின்னணி.

“அடுத்தது கருவிகள்,” என்றான். குரலே மாறிவிட்டது. கோயிலுக்குள் நுழைபவன் குரல்.

முதலில், பிற்பாடு அவனே வாங்கிய ஐந்து கம்பி பேஸ் கிட்டார். உலகத்தில் பேஸ் வாசிக்கிறவர்கள் பலருக்கு நான்கு கம்பி போதுமாக இருக்கிறது. என் அண்ணனுக்கு உண்மையில் இரண்டே தாராளம். ஆனால் ஐந்துதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினான். எல்லாவற்றிலும் தடித்த அந்த ஐந்தாவது கம்பி, வாங்கிய அன்று இருந்த பளபளப்பு குறையாமல் இன்றும் இருக்கிறது. கட்டை விரலை வைத்துக்கொள்ள வாகாக இருக்கிறது என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னான்.

அடுத்து ஸ்பீக்கர். எங்கள் ஃபிரிட்ஜைவிட இரண்டு அங்குலம் உயரம். தூக்க நான்கு பேர் வேண்டும். அதன் சத்தக் குமிழில் பத்து வரை எண் போட்டிருக்கும். இரண்டைத் தாண்டினால் நாங்கள் பயிற்சி செய்யும் ஷெட்டின் தகரமெல்லாம் நடுங்கும். அதனால் பன்னிரண்டு வருடமாக ஒன்றரையில் நிற்கிறது.

அதற்கும் மேலே ஒன்று. காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல்களை எல்லோரும் ஒரு பலகையில் வரிசையாக வைப்பார்கள். இவன் கழற்றிப் போட்ட ஒரு லிஃப்டிலிருந்து பட்டன் பலகையை எடுத்துவந்து அதில் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறான். மூன்றாம் மாடியை மிதித்தால் உறுமும். ஐந்தாம் மாடியை மிதித்தால் தண்ணீருக்கடியில் வாசிப்பது போல இருக்கும். தரைத்தளத்தை மிதித்தால் எல்லாம் அணைந்து வெறும் பேஸ் மட்டும் கேட்கும். இதற்காக இரண்டு மாதம் பற்றவைத்துக்கொண்டு கிடந்தான். மேடையில் அவன் மிதிப்பது தரைத்தளம் மட்டும்தான். ஏதாவது ஒன்று கைமீறிப் போகும், உடனே தரைத்தளம்.

“எல்லாத்தையும் எழுது. பலகை சொந்தத் தயாரிப்புன்னு அடிக்கோடு போடு,” என்றான். போட்டேன்.

மூன்றாவது கேள்விக்கு ஒன்பது வெளிநாட்டு பேஸ் கலைஞர்களின் பெயரைச் சொன்னான். அதில் ஒரு பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னபோது, எழுந்து போய் கம்பிகள் வாங்கிய காகித உறையைக் கொண்டுவந்து நீட்டினான். பெயர்கள் எல்லாம் அதன் பின்பக்கத்தில் வரிசையாக அச்சாகியிருந்தன.

“அண்ணா, பக்கத்து வீட்டுச் சுவரை எழுதட்டுமா?”

“எந்தச் சுவரு?”

அவனுக்குத் தெரியும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் படுக்கையறைக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டுக்காரர் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் பாட்டுப் போடுவார். சுவரைத் தாண்டி எங்களுக்கு வருவது அடிச்சத்தம் மட்டும்தான். குரல் வராது, மெட்டு வராது, தும் தும் என்று ஒன்று வரும். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. காதைச் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் ஒட்டியதால் நானும் ஒட்டினேன். ஒருநாள் அதே பாட்டு ரேடியோவில் முழுதாக வந்தபோது முகத்தைச் சுளித்தான். நடுவில் எதுக்கு ஒருத்தன் வந்து கத்துறான் என்று கேட்டான். அவன் வாழ்க்கையில் இசையைப் பற்றிச் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

“சீ, அதெல்லாம் போய் எழுதுவாங்களா,” என்றான். ஒன்பது பெயரையும் எழுதினேன்.

தாளில் வராத விஷயம் இன்னொன்று இருந்தது. அது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். என் அண்ணன் தாளத்தைக் காதால் கேட்டு வாசிப்பதில்லை. என் வலது முழங்காலைப் பார்த்து வாசிக்கிறான்.

டிரம்ஸில் காலால் அடிக்கும் பெரிய டிரம்மும் பேஸும் ஒன்றாக விழ வேண்டும். அதில்தான் பாட்டே நிற்கும். மற்றவர்கள் கேட்டுக் கேட்டு அதைப் பழகுவார்கள். இவனுக்கு எல்லாம் கண்தான். லிஃப்ட் கயிற்றில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வண்ணக் கோடு போட்டிருப்பார்கள். மேலே மோட்டார் அறையில் நின்றபடி, அந்தக் கோடு நேருக்கு வருகிறதா என்று பார்த்துத்தான் மெக்கானிக் கூண்டைத் தளத்தில் நிறுத்துவான். அதே மாதிரி என் முழங்கால் எழும்புவதைப் பார்ப்பான், அது இறங்கும்போது விரலை இறக்குவான். எனக்குப் பதினேழு வயதில் முதன்முதலாக என்னை உட்காரவைத்தபோது, “அந்த டிரம்மைக் கொஞ்சம் பின்னாடி தள்ளு பாப்பா, உன் கால் தெரியல,” என்றான். என் வலது பக்கத்தில் மூன்று காலில் நிற்குமே, அந்த ஃப்ளோர் டாம். அதை ஒரு முழம் பின்னால் தள்ளினேன். அன்றிலிருந்து அது அங்கேதான். ஒவ்வொரு முறையும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அதை அடிக்கிறேன். தோள்பட்டை வலிக்கிறது. பார்க்கிறவர்கள் அது என் பாணி என்று நினைக்கிறார்கள்.

பதினேழு வயதில் அது எனக்குப் பெருமையாக இருந்தது. இருபத்தொன்பதில் பிடிக்கவில்லை. என் காலைப் பார்த்து வாசிப்பவன் மேடையின் முன்னால் நிற்கிறான். என் அண்ணனுடைய தங்கை என்று சொல்லி என்னை அறிமுகம் செய்கிறார்கள்.

அந்த ஹோட்டல் வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம், தினமும் மாலை சாப்பாட்டுக் கூடத்தில் வாசிப்பு, தங்க இடம் அங்கேயே. காலை எட்டு மணிக்குப் போய் அடுத்தவர் எச்சில் பட்ட கொக்கிகளையும் கண்ணாடிகளையும் கழுவி, உறையில் போட்டு, நீராவிப் பெட்டியில் வேகவைத்து எடுக்கிற வேலை இனி இல்லை. அம்மாவின் மெஷின் சத்தம் இல்லை. பாப்பா இல்லை. ஹோட்டல் எங்களைக் கேட்ட செய்தி வந்த மறுநாளே டாக்டரிடம் சனிக்கிழமையோடு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என் இடத்துக்கு அவர் ஒரு பெண்ணை எடுத்தும் விட்டார். அவளுக்கு நான்தான் வேலை கற்றுக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் சிக்கல் தெரிந்தது. வெள்ளிக்கிழமை டீச்சரக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் கீபோர்டு அவர்தான். கணக்கு டியூஷன் எடுக்கிறவர், ஒரு வார்த்தை அதிகமாகப் பேச மாட்டார். பிள்ளைகள் போட்ட கணக்கைத் திருத்திக்கொண்டே சொன்னார்.

“ஹோட்டல்ல நமக்குன்னு இருக்கிறது ரெண்டு ரூம், நாலு கட்டில். நாலு பேர்னா திங்கக்கிழமையே கையெழுத்துங்கிறார் மேனேஜர். அஞ்சுன்னா மேலிடத்துல கேட்கணுமாம். ஞாயித்துக்கிழமை வந்து வாசிச்சுக் காட்டுங்க, அஞ்சாவது ஆள் வேணுமான்னு பாத்துட்டுச் சொல்றேன்னார்.”

“ஷோரூம் என்ன சொல்றாரு?”

“போனா அஞ்சு பேரும் போவோம், இல்லைன்னா யாரும் போக வேண்டாம்னு சொல்றாரு.”

சொல்வார். நட்பு என்றால் உயிரைக் கொடுப்பேன் என்று மேடையிலேயே பேசுகிற ஆள். ஒரு ரூம் அவருக்கும் அண்ணிக்கும். இன்னொன்றில் டீச்சரக்காவும் நானும். கட்டில் கணக்கு மிகச் சரியாக வந்தது. மிச்சம் நின்றது ஒரே ஆள்.

“பேஸை நீங்க இடது கையிலயே வாசிச்சுடுவீங்கள்ல, அக்கா?”

அவர் சிவப்புப் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “வாசிப்பேன். நானா போய் அதைச் சொல்ல மாட்டேன். மேனேஜரே கேட்டா முடியாதுன்னும் சொல்ல மாட்டேன்.”

எனக்கு அது போதும் என்று இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம், நான் ஒன்றும் பாவம் செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அவனுக்கு வேலை இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, ஐந்து கம்பி இருக்கிறது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஹோட்டலில் இருந்தோம். சாப்பாட்டுக் கூடம் இன்னும் திறக்கவில்லை. நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைகள் மேல் வைத்திருந்தார்கள். இரண்டு பணியாளர்கள் ஓரத்து மேசையில் முள்கரண்டிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஸ்பீக்கரை நாங்கள் ஐந்து பேரும் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தபோது அவர்களில் ஒருவர், “குடிவரீங்களா?” என்று கேட்டார். என் அண்ணன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தான்.

மேனேஜர் சின்ன வயசுக்காரர். கழுத்தில் அட்டை, கையில் நாங்கள் எழுதிக் கொடுத்த தாள்கள். ஒவ்வொன்றாகப் புரட்டி அண்ணன் தாளில் நின்றார். “ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க,” என்றார். அண்ணன் தரையைப் பார்த்தான். “இசைக் குடும்பமா?” என்றார். அவன் தலையை ஆட்டினான். நடந்து நடந்து சொல்லி எழுதவைத்த மனிதன் எங்கே போனான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

நான் டிரம்ஸை அடுக்க ஆரம்பித்தேன். பெரிய டிரம், அடுத்தது, அதற்கு அடுத்தது. கடைசியாக ஃப்ளோர் டாமை எடுத்து, அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வைத்தேன். உலகத்தில் எல்லா டிரம்மரும் வைக்கிற இடம். என் வலது தொடைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும்படி, முழங்காலை முழுக்க மறைத்தபடி.

அவன் பார்த்தான். பக்கத்தில் வந்து குனிந்து, “அதைக் கொஞ்சம் பின்னாடி தள்ளு பாப்பா,” என்றான், மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி.

“பின்னாடி இடமில்லண்ணா. மேடை முடிஞ்சுடுது.”

பின்னால் இரண்டு முழம் இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தான். “சரி,” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.

முதல் பாட்டு மெதுவானது. வாசித்து வாசித்து மனப்பாடமான ஒன்று என்பதால் எப்படியோ தப்பித்தான். இரண்டாவது பாட்டு வேகம். பத்து வினாடியில் அவிழ்ந்துவிட்டது. தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தான். ஒரு எட்டு பின்னால் வந்தான், இன்னொரு எட்டு வந்தான், கேபிள் விறைத்து நின்றது. அந்த லிஃப்ட் பலகை முன்னால் தனியாகக் கிடந்தது. அவன் விரல் என் கால் விழுந்து முடிந்த பிறகு விழுந்தது. திண்டாடட்டும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

அப்போதுதான் என் முறை வந்தது. பாட்டு திரும்பும் இடத்தில் எல்லா டிரம்மையும் உருட்டிக்கொண்டு வந்து ஃப்ளோர் டாமில் முடிக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாகப் பின்னால் எட்டிப் பழகிய கை, தொடைக்குப் பக்கத்தில் இருந்த டிரம்மைத் தாண்டிப் போய் அதன் இரும்பு விளிம்பில் மோதியது. டங்கென்று ஒரு சத்தம். அடுத்த முறை உஷாராகக் கையைக் குறுக்கினேன், அடி முன்னதாக விழுந்துவிட்டது. அதைச் சரிக்கட்டக் காலை வேகப்படுத்தினேன். அண்ணன் பின்தங்க, நான் முன்னால் ஓட, நடுவில் ஷோரூம் எந்தப் பக்கம் பாடுவது என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தார். அண்ணி வாசிப்பதை நிறுத்தியே விட்டார். நானே போட்ட குழியில் இரண்டு பேரும் விழுந்து கிடந்தோம், அதில் எனக்கு மட்டும்தான் அது குழி என்று தெரியும்.

மேனேஜர் கையைத் தூக்கினார். “ஒரு நிமிஷம். பின்னாடி இருக்கிற நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. மத்த மூணு பேரும் வாசிங்க, கேட்கலாம்.” பிறகு கீபோர்டு பக்கம் திரும்பி, “அடியில வர அந்தச் சத்தத்தை நீங்களே வாசிக்க முடியுமா?” என்றார்.

“முடியும்,” என்றார் டீச்சரக்கா.

நான் வெள்ளிக்கிழமை போட்ட கணக்கு அது. அப்படியே வந்தது. இடது கையில் பேஸை எடுத்துக்கொண்டு அவர் வாசித்தார், சுத்தமாக இருந்தது. என் அண்ணன் பன்னிரண்டு வருடமாகத் தூக்கிச் சுமந்த ஃபிரிட்ஜுக்கு அந்த ஐந்து விரல் ஈடாக இருந்தது. இப்போது மேனேஜர் என்னைப் பார்த்து, டிரம்ஸை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார் என்று குச்சிகளை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“இதுலயே தாளமும் இருக்கும்ல?” என்று அவர் கீபோர்டைக் காட்டிக் கேட்டார்.

டீச்சரக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வருத்தம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. பிறகு பட்டனை அழுத்தினார். டிக் டிக்கென்று தொடங்கியது. ஒரு மயிரிழை முன்னால் போகாமல், பின்னால் வராமல் போய்க்கொண்டே இருந்தது. ஓரத்து மேசையில் கரண்டி துடைத்தவர்கள் கையும் அதோடு சேர்ந்து ஓடத் தொடங்கியது. ஷோரூம் கண்ணை மூடிப் பாடினார். இவ்வளவு நன்றாக அவர் பாடி நான் கேட்டதில்லை.

“மூணு பேர் போதும்,” என்றார் மேனேஜர். “சாப்பிடுறவங்களுக்கு டிரம்ஸ் கொஞ்சம் சத்தமாவும் இருக்கும்.”

“சார், அது மெஷின்,” என்றேன்.

“ஆமா. தப்பு வராது,” என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

ஐந்து பேரும் போவோம் அல்லது யாரும் போகமாட்டோம் என்ற ஷோரூம், மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு வந்து என் அண்ணன் தோளில் கை போட்டார். “ஆறு மாசம்தானடா. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்,” என்றார். உயிரைக் கொடுக்கிற நட்புக்கு ஒரு பட்டன் அழுத்துகிற நேரம்தான் ஆயுள். அண்ணி கிட்டாரைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். யோக்கியதை இல்லாமல்தான் சொல்கிறேன்.

பணியாளர்கள் இரண்டு பேர் கைகொடுத்து அந்த ஸ்பீக்கரை வேனில் ஏற்றினார்கள். மற்ற மூவரும் உள்ளே ரூம் பார்க்கப் போனார்கள். நான் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்தேன். நாளை காலை எட்டு மணிக்கு என் நாற்காலியில் அந்தப் புதுப் பெண் உட்கார்ந்திருப்பாள். எனக்குப் போக ஓர் இடம் இல்லை. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, பாதி அவன் மேல், பாதி அந்த டிக் டிக் மேல்.

அண்ணன் கதவருகே வந்து நின்றான். கேபிளைச் சுற்றிக்கொண்டே இருந்தான், சுற்றி முடித்த பிறகும் சுற்றினான்.

“என்னாலதான் பாப்பா உனக்கும் போச்சு,” என்றான். “நான் ஒழுங்கா வாசிச்சிருந்தா நீ தடுமாறியிருக்க மாட்ட. கண்ணால பாத்து வாசிக்கிறவன் மேடைக்கே வரக் கூடாது. இத்தனை வருஷம் நீதான் என்னைத் தூக்கிட்டு வந்த. தெரியாம இல்ல.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். பின்னால் இரண்டு முழம் இடம் இருந்தது என்று சொன்னால் போதும். ஒரே ஒரு வாக்கியம்.

“ஆமா,” என்றேன். “உன்னாலதான்.”

அவன் தலையாட்டினான். அவனுக்கு அது புதிய செய்தியாக இல்லை. ஹோட்டலின் கண்ணாடிக் கதவைப் பார்த்தான். “மூணு பேர்னா டீச்சர் ரூம்ல ஒரு கட்டில் சும்மாதானே இருக்கும்?” என்றான். “நான் போய் அவர்கிட்ட பேசிட்டு வரேன். நான் பக்கத்துல நின்னதாலதான் நீ தப்பா அடிச்சன்னு சொல்றேன். என்னை விட்டுட்டு ஒரு தடவை உன் வாசிப்பை மட்டும் கேட்கச் சொல்றேன்.”

“நீயா பேசுவ?”

“பேசுறேன்.”

கேபிளை என் மடியில் வைத்தான். சட்டையை இழுத்து உள்ளே சொருகினான், கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான், நடந்தான். வேனுக்கும் கதவுக்கும் முப்பது தப்படி இருக்கும். பாதி வழியில் நின்று எதையோ வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், திரும்பவும் நடந்தான். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் மேனேஜர் எதிரில் போய் நிற்பதும், கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதும், அவர் கடிகாரத்தைப் பார்ப்பதும், இவன் மறுபடி பேசுவதும் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. கடவுளே, நன்றாகப் பேச வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.